நாற்பத்திரண்டு கருப்பையாக்கள்

பயிற்சியின் கடைசி நாளில் அரை மணி நேரம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். விடுபட்ட பதில்களை நிரப்புவதற்கான சூத்திரங்களை மூன்று நாளாக உங்களுக்கு ஒருவர் கற்பித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நல்லது. அதில் நான் கை வைக்கப்போவதில்லை. பாதி எனக்கு மறந்தும் போய்விட்டது. கருப்பையா என்ற ஒரு மனிதரை நான் எப்படி நாற்பத்திரண்டு பேராக்கினேன் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். இரத்தினபுரியில் இருபத்தெட்டு வருடம் கணக்கெடுப்பு வேலை பார்த்தவள் நான். அதைவிடப் பெரிய உற்பத்தி எதையும் செய்ததில்லை.

முதலில் ஒரு சின்ன விஷயம். வடக்கிலிருந்து மாற்றலாகி நான் இங்கு வந்தபோது என் மேலதிகாரி ஒரு சிடுமூஞ்சி. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் தலை வைத்துத் தூங்குவார், எழுப்பினால் வள்ளென்று விழுவார். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. வீட்டார் சொன்ன பதில் பேனாவில் இருக்கும். விடுபட்ட பதிலை அவராக ஊகித்து நிரப்பினால் அதைப் பென்சிலால் எழுதி, சுற்றி ஒரு வட்டமும் போடுவார். "பேனா அவங்க சொன்னது, பென்சில் நான் சொன்னது, ரெண்டையும் குழப்பினா உன்னைத் தொலைச்சிடுவேன்" என்பார். அந்த ஆள் ஓய்வு பெற்றுப் போன பிறகு டேப்லட் வந்தது. டேப்லட்டில் பென்சில் இல்லை. நிரப்பிய பதிலும் சொன்ன பதிலும் ஒரே கறுப்பு எழுத்தில் வரும். வேலை சுத்தமாக இருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் மாவட்டம் முழுவதும் குடும்ப நலக் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. வீட்டில் யார் யார், என்ன வயது, என்ன வேலை, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் எத்தனை, கடந்த மாதம் யாருக்காவது நோய் அல்லது விபத்து உண்டா, இப்போது அவசரமாக என்ன தேவை. பதில் இல்லாத பெட்டி டேப்லட்டில் சிவப்பாக இருக்கும். ஒரு சிவப்புப் பெட்டி இருந்தாலும் கோப்பு மூடாது. பூட்டிய வீடுகளை என்ன செய்வது என்று கொழும்பிலிருந்து கேட்டார்கள். நான் ஒரு விதி எழுதிக் கொடுத்தேன்: பூட்டிய வீட்டுக்கு, அதற்கு மிக அருகில் பதில் சொன்ன வீட்டின் பதில்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இரத்தினபுரி டவுனில் சோதித்துப் பார்த்தோம், அழகாகப் பொருந்தியது. நகைக் கடைக்காரர் வீட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நகைக் கடைக்காரர்தானே இருப்பார். அறிவுறுத்தலில் அது ஆறாம் பந்தியாக அச்சானது. பல பேரிடம் நான் அதைக் காட்டியதையும் மறைக்கப்போவதில்லை.

ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம், அதன் மேல் டிவிசன். நான்கு லயம், அதாவது சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள், மொத்தம் நாற்பத்திரண்டு வீடு. அங்கு போனவர் செல்வகுமார். குருவிட்டப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், நாற்பது வயது, பொய் எழுதத் தெரியாத மனிதர். ஓப்பநாயக்கவிலிருந்து மேலே போகும் பஸ் காலை ஒன்பதரைக்குத்தான் சேரும், ஒரு மணிக்குத் திரும்பிவிடும். அவர் பத்து மணிக்குப் போய்ப் பார்த்தார். நாற்பத்தொரு வீடு பூட்டு. எல்லோரும் கொழுந்து பறிக்க மலையில். ஒரு வீடு மட்டும் திறந்திருந்தது, அதில் கருப்பையா இருந்தார்.

பூட்டிய வீட்டுக்கு மூன்று வெவ்வேறு நாட்களில் போக வேண்டும் என்பது விதி. செல்வகுமார் மூன்று நாளும் போனார், மூன்று நாளும் பத்து மணிக்கு. வெவ்வேறு நாள் என்றுதான் விதி சொன்னது, வெவ்வேறு நேரம் என்று சொல்லவில்லை. அந்த விதியை எழுதியது யார் என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு பூட்டிய கதவையும் டேப்லட்டிலேயே படம் பிடித்து அனுப்பினார். மூன்று நாளும் கருப்பையா வீட்டில் பிளேன்டீ குடித்தார்.

கருப்பையாவின் பதில்கள் இவை. வயது எழுபத்தாறு. மனைவி இல்லை. தனியாக இருக்கிறார். இடது கண் மங்கல். வேலை இல்லை. வீட்டில் பிள்ளைகள் இல்லை. போன மாதம் லயத்துக்குப் பின்னால் கழிவுநீர் ஓடும் கானில் வழுக்கி விழுந்து முழங்காலில் அடி. அவசரத் தேவை ஒரு கைத்தடி.

என் மேசைக்குக் கோப்பு வந்தது. நாற்பத்தொரு சிவப்பு. ஆறாம் பந்தி என்று ஒரு பொத்தான் உண்டு, அதை அமுக்கினேன். எல்லாம் பச்சையாகியது. கையொப்பமிட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.

அப்படித்தான் அந்த டிவிசனில் நாற்பத்திரண்டு கிழவர்கள் உண்டானார்கள். எல்லோருக்கும் எழுபத்தாறு வயது, எல்லோருக்கும் இடது கண் மங்கல், எல்லோரும் மனைவியை இழந்தவர்கள். ஒரே மாதத்தில் நாற்பத்திரண்டு பேரும் ஒரே கானில் விழுந்திருந்தார்கள். கொழுந்து பறிக்க ஒருவர்கூட இல்லாத தேயிலைத் தோட்டம். அந்த மாதமும் கொழுந்து லொறி நிரம்பித்தான் மலையிலிருந்து இறங்கியது. அதை யார் பறித்தார்கள் என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

முதலில் அசைந்தது கான் விஷயம்தான். இத்தனை விபத்தா என்று கொழும்பில் பதறிப்போய் ஒரு குழுவை அனுப்பினார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. ஒன்றரை அடி அகலக் கானை நாலு பேர் நாடா பிடித்து அளந்திருக்கிறார்கள். எப்படி விழுந்தீர்கள் என்று கருப்பையாவிடம் கேட்டார்களாம். மனுஷன் மரியாதைக்கு ஒருமுறை விழுந்து காட்டினாராம். ஒருவர் படம் எடுக்கத் தவறிவிட்டதால் இரண்டாம் முறையும் விழுந்தாராம். அதற்கடுத்த வாரம் ஒரு லொறியில் நாற்பத்திரண்டு கைத்தடிகள் வந்து இறங்கின.

ஒரு புதன்கிழமை என் மேசைக்கு முன்னால் ஒரு பெண் வந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும். கையில் புத்தம் புதிய கைத்தடி, பிடியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. கூடவே செல்வகுமார், தரையைப் பார்த்தபடி.

"இருங்கோ. காலுக்கு என்ன செய்தது?" என்று கேட்டேன்.

"காலுக்கு ஒண்ணும் இல்லைங்க மிஸ். இது எனக்கு வந்த பொல்லு. வீட்டுக்கு ஒண்ணு வந்துச்சிங்க. நாங்க எல்லாரும் கான்ல விழுந்துட்டோமாம்."

அவள் பெயர் தெய்வானை. அந்த டிவிசன் பிள்ளைக்காம்பராவின் ஆயா. தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. சேலையில் தொட்டில் கட்டி ஆட்டிக்கொண்டு, கஞ்சி கொடுத்துக்கொண்டு, பதினேழு வருடமாக அங்கே இருக்கிறாள். கைத்தடியை மேசையில் வைத்துவிட்டு ஒரு கடிதத்தையும் அதன் பக்கத்தில் வைத்தாள். மேற்படி டிவிசனில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் எவரும் இல்லாமையால் பிள்ளைக்காம்பராவுக்கான உதவி மாத முடிவில் நிறுத்தப்படும், கட்டடம் மூடப்படும் என்று இருந்தது.

"புள்ளைங்களே இல்லைன்னு யாருங்க மிஸ் சொன்னது?"

நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. "கொம்பியூட்டர் சொன்னது" என்றேன்.

"அது தோட்டத்துக்கு வந்து பாத்திச்சிங்களா?"

செல்வகுமார் இருமினார். தெய்வானை நக்கலடிக்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். காம்பராவை மூடினால் வீட்டுக்கு ஒரு தாய் மலைக்குப் போகாமல் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மூத்த பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதைச் சொல்லிவிட்டு, "பொல்லை வேணும்னா திருப்பி எடுத்துக்கங்க" என்றாள். வாழ்க்கையில் வேறெந்தப் பேரமும் என்னை இவ்வளவு கூச வைத்ததில்லை.

அவர்கள் போன பிறகு கோப்பைத் திறந்து செல்வகுமாரின் படங்களைப் பார்த்தேன். கையொப்பமிட்ட அன்று நான் பார்க்காத படங்கள். நாற்பத்தொரு பூட்டிய கதவுகள். ஏழாம் வீட்டுக் கதவுக்கு வெளியே விரல் நீளச் செருப்பு ஒரு சோடி. பன்னிரண்டாம் வீட்டுக் கொடியில் பூப்போட்ட குட்டிக் கவுன்கள். இருபதாம் வீட்டு வாசலில் ஒரு சக்கரம் கழன்ற பொம்மைக் கார். பூட்டு மட்டும் தெரியும்படி படம் எடுங்கள் என்றுதான் சொல்லியிருந்தோம், ஆனால் வீடு பூட்டைவிடப் பெரிதாக இருந்தது. எல்லாம் என் கோப்பிலேயே இருந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது சொல்லும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிள்ளைகளே, ஒரு வீட்டில் பதில் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்காமல் அதை நிரப்பாதீர்கள். தோட்டத்தில் காலை பத்து மணிக்குப் பூட்டியிருக்கும் கதவு, அந்த வீட்டில் உழைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்கிறது. அந்த நேரத்தில் திறந்திருக்கும் வீடு மற்ற வீடுகளைப் போல இல்லாததால்தான் திறந்திருக்கிறது. நான் எல்லோரையும்விட வித்தியாசமான ஒரு மனிதரைத் தேடிப் பிடித்து, எல்லோரும் இவரைப் போலத்தான் என்று எழுதிவிட்டேன்.

என் அப்போதைய தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "ஹரி" என்றார், சிங்களத்தில் சரி என்று. கோப்பை ஒரே ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை, திறந்துவிடுவார்கள்; திறந்தால் நாற்பத்திரண்டு வீட்டுப் பழைய பதிலும் அழிந்து எல்லாம் மறுபடி சிவப்பாகிவிடும். நாலு மணிக்குத் தானாக மூடிவிடும். நாங்கள் எழுதுவதில் வீட்டார் நேரில் சொன்ன பதில் மட்டும்தான் செல்லும். "இன்னொன்று மிஸ், பதினைந்து பிள்ளை இருந்தால்தான் காம்பராவுக்கு உதவி. பதினாலு என்றால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது."

ஞாயிற்றுக்கிழமை போனோம். அதே லயங்களா என்று சந்தேகம் வந்தது. கதவெல்லாம் திறந்து, தண்ணீர் கொட்டும் பீலியடியில் துணி துவைத்து, ரேடியோ அலறி, ஒரே கூச்சல். கைத்தடிகளும் வீணாகப் போகவில்லை. பாகற்கொடிக்குப் பந்தலாகச் சில, துணிக் கொடிக்கு முட்டாகச் சில. லயத்துக்கு முன்னால் பையன்கள் மூன்றை ஊன்றி விக்கெட் ஆக்கியிருந்தார்கள். அளவு கச்சிதம்.

மூன்று மணிக்கு நாற்பத்தொரு வீடு முடிந்தது. செல்வகுமார் பிள்ளைகளைக் கூட்டிப் பார்த்தார். பதினாலு. மறுபடியும் கூட்டினார், பதினாலுதான். தெய்வானை பக்கத்தில் நின்றுகொண்டு, "சரோஜாவுக்கு இது எட்டாம் மாசங்க மிஸ். அதையும் எழுதிக்கிறீங்களா?" என்றாள். முடியாது என்றேன். சரோஜா தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கலாம் என்று அதைக் கடிந்துகொண்டாள்.

மிச்சம் ஒரு வீடு. அதற்குப் பூட்டு. மூன்று நாள் பத்து மணிக்குத் திறந்திருந்த ஒரே வீடு, கருப்பையாவின் வீடு.

"அவரு குருவிட்டைக்கு மக வீட்டுக்குப் போயிட்டாருங்க" என்றார்கள். "பொல்லு கெடைச்சதுல இருந்து மனுஷன் ஒரு எடத்துல நிக்கிறதில்லைங்க."

டேப்லட் கேட்டது: வீட்டார் நேரில் பதிலளித்தனரா? ஆம் என்று அமுக்கினால் எழுத விடும். இல்லை என்றால் ஒன்றும் எழுத முடியாது, பெட்டி சிவப்பாகவே நிற்கும், நாலு மணிக்கு ஆறாம் பந்தி தானாக வேலை செய்யும். மிக அருகில் பதில் சொன்ன வீடு எது என்று பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருபத்தாறு வயதுப் பெண், கொழுந்து பறிப்பவள், எட்டு மாதக் கைக்குழந்தை ஒன்று.

செல்வகுமாருக்கும் அது உறைத்துவிட்டது. "மிஸ், சும்மா விட்டாலே பதினஞ்சி வந்துரும்" என்றார், மெதுவாக.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கருப்பையா தனியாக இருக்கும் எழுபத்தாறு வயதுக் கிழவர் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த உண்மையை எழுத வேண்டுமென்றால் அவர் வீட்டில் இருந்தார் என்று பொய் சொல்ல வேண்டும். அவர் இல்லை என்று உண்மை சொன்னால் அந்த வீட்டில் ஒரு பொய்க் குழந்தை பிறக்கும். மணி மூன்று நாற்பது. தெய்வானை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காம்பராவின் சாவி அவள் இடுப்பில் இருந்தது.

இல்லை என்று அமுக்கினேன். விதிப்படி அதுதான் சரி. விதிக்காகச் செய்தேனா, பதினைந்துக்காகச் செய்தேனா என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்விக்கான பெட்டி எனக்குள் இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது.

நாலு மணிக்குப் பெட்டி பச்சையானது. கருப்பையா, பெண், வயது இருபத்தாறு, திருமணமானவர், கொழுந்து பறிப்பவர், பாலூட்டும் தாய்.

திங்கட்கிழமை காலையிலேயே திருத்தக் கடிதம் எழுதினேன். அந்த வீடு நிரப்பப்பட்ட வீடு, பதில் அவருடையது அல்ல, அவர் தனியாக வாழும் முதியவர் என்று விளக்கமாக எழுதினேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. மேற்படி வீட்டுக்குப் பூரணமான பதில் ஏற்கெனவே கிடைத்துள்ளது. விடுபட்ட பதில்களுக்கு மட்டுமே திருத்தம் ஏற்றுக்கொள்ளப்படும். கடிதத்தைப் படித்துவிட்டு அந்தச் சிடுமூஞ்சி மேலதிகாரியை நினைத்துக்கொண்டேன். ஒரு பென்சில் வட்டம் இருந்திருந்தால் போதும். உங்கள் இயந்திரம் என்ன நிறத்தில் எழுதினாலும், நீங்கள் நிரப்பியதை நீங்கள் நிரப்பியது என்று எங்காவது குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் பிறகு நீங்களே சத்தியம் செய்தாலும் உங்களை நம்ப மாட்டார்கள்.

அந்தப் பதில் வந்த வாரமே காம்பராவைப் பார்வையிட மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சிங்களவர், நல்ல மனிதர், கையில் பட்டியல். மாவட்ட அலுவலகத்தின் சார்பில் நான் கூடப் போனேன். வழியில் கருப்பையாவின் வீட்டுக்கு முன்னால் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, நான் மட்டும் இறங்கி அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"அதுக்கு என்னங்க மிஸ்" என்றார் அவர். "நாப்பத்திரண்டு ஆம்பளையா எழுதினப்பவே ஒண்ணும் சொல்லலை. ஒரு பொம்பளையா எழுதினதுக்கா சொல்லப்போறேன். தாய்மாருக்குக் குடுக்கிற சத்துமா பக்கெட்டு என் பேருக்கும் வந்துச்சி. தெய்வானைகிட்ட குடுத்துட்டேன், புள்ளைங்க கஞ்சியில போட்டுச்சி. புள்ளைக்குப் பேரு வைக்கலையேன்னுதான் ஒரு இதுவா இருக்கு."

சொல்லிவிட்டுக் கைத்தடியை எடுத்துக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கினார். ஜீப் சுற்றிக்கொண்டு போவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

காம்பராவுக்குள் வரிசையாகத் தொட்டில்கள். வளர்ந்த பிள்ளைகள் மூலையில் பாயில் இருந்தாலும் பெயருக்கு ஒரு தொட்டில் கட்டி வைப்பது அங்கே வழக்கம். அதிகாரி ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துப் பட்டியலில் சரி போட்டுக்கொண்டே வந்தார். பதினாலு முடிந்தது. கடைசித் தொட்டில் யன்னலோரத்தில், சேலையை நன்றாக இழுத்து மூடிக் கட்டியிருந்தது. பக்கத்தில் கருப்பையா சம்மணமிட்டு உட்கார்ந்து, கைத்தடியின் நுனியால் அதை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். வாசலில் சரோஜா, இன்னும் பெறாத வயிற்றைப் பிடித்தபடி. தெய்வானை கஞ்சிச் சட்டியைக் கிளறுகிறாள், கிளறுகிறாள், நிமிரவே இல்லை.

அதிகாரி தொட்டிலை நோக்கிக் கையை நீட்டினார். கருப்பையா உதட்டில் விரலை வைத்தார்.

"பபா நிதி, மஹத்தயா." பிள்ளை தூங்குது ஐயா. பிறகு என்னைப் பார்த்து, "இப்பதாங்க மிஸ் கண்ணசந்திச்சி. விடிய விடிய ஒரே அழுகை" என்றார்.

அதிகாரி கையை இழுத்துக்கொண்டார். பாவம், மூன்று பிள்ளைகளின் தகப்பன், அழுத பிள்ளை தூங்கினால் எழுப்பக் கூடாது என்று தெரிந்தவர். பட்டியலில் பேனாவை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். மொத்தம் எத்தனை மிஸ் என்று கேட்டார்.

மலைக்குப் போன பதினாலு தாய்மாரையும் நினைத்தேன். ஆறாம் பந்தியை நினைத்தேன். அந்தத் தொட்டிலில் கிடந்தது என் கையால் நிரம்பிய பெட்டி என்பதையும் நினைத்தேன்.

"கோப்பில் பதினைந்து" என்றேன். பிள்ளை எழும்பிவிடக் கூடாதே என்று, குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன்.